வயலுக்கு நடுவே ஓடும் உயிர்வேலியை எடுக்க அனுமதி வாங்குவது எப்படி? (கென்ட், இங்கிலாந்து)

கென்ட்_நிலம் | 12 ஜனவரி 2025

அனைவருக்கும் வணக்கம். கென்ட்டில் வீல்ட் பகுதியில் சென்ற ஆண்டு ஆறு ஏக்கர் மேய்ச்சல் நிலம் வாங்கினோம். அப்பா ஒட்டன்சத்திரத்தில் காய்கறி விளைவித்தவர். ஐம்பது வயதுக்குள் மண்ணுக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பாலித்தீன் குடில்கள் போட்டு வெண்டை, கத்தரி, பாகல், கீரை விளைவித்து லண்டன் கடைகளுக்குக் கொடுப்பது திட்டம்.

நிலத்தின் நடுவே ஓர் உயிர்வேலி ஓடுகிறது. நீளம் சுமார் 85 மீட்டர், ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த முள்ளும் புதருமாக இருக்கிறது. இருபுறமும் மும்மூன்று ஏக்கர், இரண்டும் எங்களுடையவை. டிராக்டர் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக, கீழ் மூலையில் ஒரே ஒரு பழைய வாசல்தான் உண்டு. வேலியை எடுத்துவிட்டால் ஒரே வயலாகிவிடும். "பிடுங்கிப் போடு, யார் கேட்கப்போகிறார்கள்" என்கிறார் பக்கத்துப் பண்ணைக்காரர். எனக்கு மனம் ஒப்பவில்லை. முறையாக யாரிடம், எப்படி அனுமதி கேட்க வேண்டும்?

---

நேர்கோடு | 12 ஜனவரி 2025

எசெக்ஸில் பதினெட்டு ஆண்டுகளாக மண் அள்ளும் இயந்திரம் ஓட்டுகிறேன். 85 மீட்டர் வேலி ஒரு நாள் வேலை. பக்கத்துப் பண்ணைக்காரர் சொல்வது ஊர் வழக்கம்தான். போருக்குப் பிறகு உணவு உற்பத்தியைப் பெருக்க வேண்டும் என்று இதே அரசு மானியம் கொடுத்து வேலிகளைப் பிடுங்கச் சொன்னது. கிழக்கு இங்கிலாந்தில் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே கோதுமை வயலாகக் கிடப்பது அப்படி வந்ததுதான். பெரிய பண்ணைகள் எடுத்து முடித்த பிறகு, ஆறு ஏக்கர்க்காரரைப் பிடித்துச் சட்டம் பேசுவது எந்த ஊர் நியாயம்? காசு கொடுத்து வாங்கிய நிலம், இரு பக்கமும் உங்களுடையது.

---

பசுந்தாள் | 12 ஜனவரி 2025

கென்ட்_நிலம், தயவுசெய்து இயந்திரத்தை வரவழைக்காதீர்கள். தென் இங்கிலாந்தில் ஒரு கவுன்சிலின் திட்ட அனுமதிப் பிரிவில் வேலை பார்த்தவள் நான், இப்போது சூழலியல் ஆய்வுக்குப் போகிறேன். கண்ணால் கண்டதைச் சொல்கிறேன்.

இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் 1997ஆம் ஆண்டின் உயிர்வேலி விதிமுறைகள் உண்டு. அந்த ஆண்டு ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளன. விவசாய நிலத்தில் உள்ள அல்லது அதை ஒட்டிய வேலி 20 மீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் இந்த விதிகளுக்குள் வந்துவிடும். குட்டையான வேலியும், இரு முனையிலும் வேறு வேலியோடு சேர்ந்தால் வரும். வீட்டு வளவுக்குள்ளோ அதன் எல்லையிலோ நிற்கும் வேலிக்கு விலக்கு. உங்களுடையது சந்தேகமில்லாமல் உள்ளே வருகிறது.

இதை அனுமதி விண்ணப்பம் என்று எல்லோரும் சொல்கிறோம். சட்டத்தில் அது அறிவிப்பு. "இந்த வேலியை, இந்தக் காரணத்துக்காக, இந்த அளவு எடுக்கப்போகிறேன்" என்று வரைபடத்துடன் உள்ளூர் திட்ட அதிகாரத்துக்கு, அதாவது கவுன்சிலுக்கு, எழுதிக் கொடுக்கிறீர்கள். கட்டணம் கிடையாது. கவுன்சில், பாரிஷ் எனப்படும் சிற்றூர் வட்டாரத்தின் கவுன்சிலிடமும் கருத்துக் கேட்க வேண்டும். 42 நாள் அவகாசம். அதற்குள் "எடுத்துக்கொள்" என்று எழுதலாம், அல்லது "இதை வைத்திருக்க வேண்டும்" என்று தக்கவைப்பு ஆணை கொடுக்கலாம். 42 நாளும் வாய் திறக்கவில்லையென்றால் மௌனம் சம்மதம். நீங்கள் எழுதிக் கொடுத்தபடி இரண்டு ஆண்டுகளுக்குள் எடுத்துக்கொள்ளலாம்.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. வேலி அழகாக இருக்கிறது, ஊரார் எதிர்க்கிறார்கள் என்றெல்லாம் காரணம் காட்டிக் கவுன்சில் மறுக்க முடியாது. குறைந்தது 30 ஆண்டு வயதாகி, விதிகளின் பட்டியலில் உள்ள ஏதாவதொரு தகுதியும் இருந்தால்தான் அது "முக்கியமான" வேலி. அப்படி இல்லாத வேலிக்கு ஆணை போட அவர்களுக்கு அதிகாரமே இல்லை. முக்கியமானது என்று தெரிந்துவிட்டால் நிலைமை தலைகீழ். எடுப்பதற்கு வலுவான காரணத்தை நீங்கள்தான் காட்ட வேண்டும்.

நேர்கோடு அண்ணா, அறிவிப்புக் கொடுக்காமல் எடுத்தால் அது குற்றம். வேலி முக்கியமானதாக இல்லாவிட்டாலும் குற்றம்தான். அபராதத்துக்கு மேல்வரம்பு கிடையாது. வேலியை எடுத்ததால் கிடைத்த லாபத்தையும் நீதிமன்றம் கணக்கில் எடுக்கும். அதே இடத்தில் புது வேலி நடச் சொல்லிக் கவுன்சில் உத்தரவிடலாம், அந்தப் புது வேலி 30 ஆண்டுக்கு "முக்கியமானது" என்றே கருதப்படும். மானியம் கொடுத்துப் பிடுங்கிய காலம் உண்மைதான். அந்த இழப்பைப் பார்த்துப் பதறித்தான் இந்த விதிகளே வந்தன.

---

ஏழாலையான் | 13 ஜனவரி 2025

தம்பி, நான் சட்டம் படித்தவன் அல்லன். யாழ்ப்பாணத்து வேலிகளுக்குள் வளர்ந்தவன். எங்கள் ஊரில் கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் கதியாலாக (துளிர்க்கும் வேலிக் கம்பாக) நட்டு வேலி அடைப்பார்கள். வருடா வருடம் கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டு அயலவன் காணியைத் தின்றவர்களும் உண்டு, அதற்காகத் தலைமுறை தலைமுறையாக நீதிமன்றம் ஏறியவர்களும் உண்டு. அதே வேலியில் பொட்டு (சிறு திறப்பு) வைத்து, கறிச்சட்டியும் பிள்ளைகளும் போய்வர வழி விட்டவர்களும் அவர்களேதான்.

எனக்கு ஒரே ஒரு கேள்வி. வேலி உங்களுக்கு என்ன இடைஞ்சல் செய்கிறது? நீங்கள் எழுதியதை மூன்று முறை வாசித்தேன். டிராக்டர் போக வழி இல்லை என்கிறீர்கள். உடனே அடுத்த வரியில் வழி இருக்கிறது என்கிறீர்கள். அந்த வாசலுக்கு என்ன குறை?

---

கென்ட்_நிலம் | 13 ஜனவரி 2025

ஐயா, வாசல் இருப்பது பள்ளமான மூலையில். கென்ட் களிமண் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அக்டோபர் முதல் ஏப்ரல் வரை அங்கே முழங்கால் சேறு. நவம்பரில் டிராக்டர் சிக்கி அரை நாள் போராடினோம். அதனால்தான் வேலியையே எடுத்துவிட்டால் மேட்டுப் பக்கமாகவே போய்வரலாம் என்று நினைத்தேன்.

பசுந்தாள், மிக்க நன்றி. இத்தனை தெளிவாக எனக்கு யாரும் சொல்லவில்லை. எங்கள் வேலி முக்கியமானதா என்று நானே பார்த்துவிட முடியுமா?

---

சசெக்ஸ்_மதி | 14 ஜனவரி 2025

முடியும், முதலில் அதைச் செய்யுங்கள். நான் செய்யாமல் அறிவிப்புக் கொடுத்து, ஒரு வருடத்தைத் தொலைத்தேன்.

குதிரை வளர்க்கும் நிலம் எங்களுடையது. (குதிரை, கழுதை வளர்க்கும் நிலத்துக்கும் இதே விதிதான் என்பது எனக்கு அப்போது தெரியாது.) அறிவிப்புக் கொடுத்தேன், 40ஆம் நாள் தக்கவைப்பு ஆணை வந்தது. அதிகாரி வந்து பார்த்தபோது நான் வெளியூரில் இருந்தேன். ஒரு தொலைபேசி அழைப்புக்கூட இல்லை, அந்தக் கசப்பு இன்னும் எனக்குள் இருக்கிறது. 28 நாளுக்குள் மேல்முறையீடு செய்தேன். தோற்றேன். காரணத்தைப் படித்தபோது கோபம் அடங்கிவிட்டது. அந்த வேலி, 1850க்கு முன்பிருந்த இரண்டு பாரிஷ்களுக்கு நடுவேயான எல்லைக் கோடு. அது ஒன்றே போதுமான தகுதி. பழைய வரைபடத்தை நான் ஒரு மாலை நேரம் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் ஆர்ட்னன்ஸ் சர்வே என்னும் பிரிட்டிஷ் நில அளவைத் துறையின் பழைய வரைபடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, இங்கிலாந்துக்கும் உண்டு. அதற்கும் முந்தையவை மாவட்ட ஆவணக் காப்பகத்தில் இருக்கும். 1836ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தேவாலயத்துக்குக் கொடுத்த தசமபாகத்தைக் காசாக மாற்றுவதற்காக ஊர் ஊராக வரைந்த "டைத்" வரைபடங்கள் அங்கே உண்டு. வயல் ஒவ்வொன்றுக்கும் எண், பெயர், பயிர் எல்லாம் குறித்திருப்பார்கள்.

---

இல்ஃபர்ட்_வாசி | 14 ஜனவரி 2025

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என் பக்கத்து வீட்டு லேலண்டி மரவேலி நாலு மீட்டர் உயரம் வளர்ந்து என் சமையலறையை இருட்டாக்கிவிட்டது. நானும் இந்த அறிவிப்பைக் கொடுக்கலாமா?

---

பசுந்தாள் | 14 ஜனவரி 2025

இல்லை, அது வேறு சட்டம். என்றும் பசுமையான மரங்களால் ஆன, இரண்டு மீட்டருக்கு மேற்பட்ட வீட்டு வேலிகளுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் கவுன்சிலிடம் புகார் கொடுக்க வேண்டும். முதலில் பக்கத்து வீட்டாருடன் பேசிப் பாருங்கள், பேசியதற்கு எழுத்துச் சான்று வைத்துக்கொள்ளுங்கள். தனி இழை தொடங்கினால் அங்கே விரிவாக எழுதுகிறேன்.

கென்ட்_நிலம், நீங்கள் செய்ய வேண்டியது மர இனங்களை எண்ணுவது. வேலி 30க்கும் 100க்கும் இடைப்பட்ட மீட்டர் நீளம் என்பதால், நட்டநடுவே 30 மீட்டரை அளந்து, அதற்குள் எத்தனை வகை மரஞ்செடி என்று பாருங்கள். தென் இங்கிலாந்தில் ஏழு இனம் இருந்தால் அதுவே போதும், வேலி முக்கியமானது. (வடக்கு மாவட்டங்களில் ஒன்று குறைவு.) ஆறு இனம் என்றால் கூடவே மூன்று அம்சங்கள் வேண்டும், ஐந்து என்றால் நான்கு. அம்சம் என்பது, வேலியோடு பாதி நீளத்துக்காவது ஓடும் வாய்க்கால் அல்லது மண்கரை, ஐம்பது மீட்டருக்கு ஒன்றென்ற கணக்கில் பெரிய மரம், இடைவெளி மொத்தம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமை, அடியில் காட்டுப் பூச்செடிகள் மூன்று வகையாவது இருத்தல் போன்றவை. பிராம்பிள் முள்ளையும் ஐவிக் கொடியையும் எண்ணாதீர்கள், அவை பட்டியலில் இல்லை. காட்டு ரோஜா உண்டு.

---

கென்ட்_நிலம் | 9 பிப்ரவரி 2025

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வேலிக்குள்ளேயே கழிந்தன. மகளும் கூட வந்தாள். இலையே இல்லாத காலத்தில் எப்படி அடையாளம் காண்பது என்று மலைத்து நின்றேன். பழகிவிட்டால் முகம் தெரிகிறது. ஹேசலில் மஞ்சள் குஞ்சங்கள் தொங்குகின்றன. டாக்வுட்டின் குச்சிகள் இரத்தச் சிவப்பு. ஃபீல்ட் மேப்பிளின் சிறு கிளைகளில் தக்கை போன்ற வரப்புகள். பிளாக்தார்ன் பெயருக்கேற்பக் கரிய பட்டை, அதன் முள் கையுறையைத் துளைத்து விரலில் இறங்கி மூன்று நாள் வீங்கியது. பிறகு ஹாதார்ன், ஹாலி. மொத்தம் ஆறு.

வாய்க்கால் முழு நீளமும் ஓடுகிறது. இரண்டு ஓக் மரங்கள் நிற்கின்றன, ஒன்றை நானும் மகளும் கைகோத்துக் கட்டியும் சுற்றளவு எட்டவில்லை. இடைவெளி என்று பார்த்தால் அந்த வாசல் மட்டும்தான், நாலு மீட்டர்.

ஆறு இனம், மூன்று அம்சம். எண்ணி முடித்ததும் நெடுநேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

காப்பகத்துக்கும் போய்வந்தேன். 1840களின் டைத் வரைபடத்தில் எங்கள் வேலி அதே வளைவோடு இருக்கிறது. கீழ் மூலையில் வாசல்கூட அதே இடத்தில். ஒட்டன்சத்திரத்தில் தாத்தாவின் தாத்தா பெயரைத் தாண்டி எனக்கு எதுவும் தெரியாது. இங்கே யாரோ ஒருவர் வெட்டிய வாய்க்காலில் நான் நிற்கிறேன்.

---

பசுந்தாள் | 9 பிப்ரவரி 2025

அருமையான வேலை. கட்டணம் வாங்கிக்கொண்டு வருகிற சில ஆய்வாளர்கள்கூட இவ்வளவு பொறுமையாகப் பார்ப்பதில்லை.

உங்கள் வேலி இரண்டு வழியில் முக்கியமானது. இனங்களின் கணக்கு ஒன்று. பொதுநிலங்களை அடைத்துப் பங்கு போட்ட நாடாளுமன்றச் சட்டங்களுக்கு முந்தைய வயல் அமைப்பின் பகுதி என்று ஆவணத்தில் பதிவாகியிருந்தால் அதுவும் தகுதி. அதை 1845க்கு முந்தையது என்றே பொதுவாகப் படிக்கிறார்கள், ஆகவே உங்கள் வரைபடத்தின் சரியான ஆண்டைக் குறித்து வையுங்கள். வீல்ட் பகுதி வயல்களில் பெரும்பாலானவை அந்தச் சட்டங்கள் எதுவும் வருவதற்கு முன்பே காட்டை வெட்டித் திருத்திய சிறு வயல்கள்.

முப்பது கெஜத்தில் ஓர் இனத்துக்கு நூறு ஆண்டு என்று மேக்ஸ் ஹூப்பர் என்னும் சூழலியலாளர் ஒரு கணக்குச் சொன்னார். அதை அப்படியே நம்பி "600 ஆண்டு வேலி" என்று யாரிடமும் சொல்லாதீர்கள். தொடக்கத்திலேயே பல இனங்களைக் கலந்து நட்டவர்களும் உண்டு. பழமைக்கு ஒரு குறிப்பு, அவ்வளவுதான்.

அறிவிப்புக் கொடுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. கொடுத்தால் தக்கவைப்பு ஆணை வரும் என்பதே என் கணிப்பு.

---

ஏழாலையான் | 10 பிப்ரவரி 2025

வாய்க்கால் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. இந்த நாட்டில், வாய்க்கால் வெட்டுகிறவன் தன் காணியின் விளிம்பில் நின்று வெட்டி, மண்ணைத் தன் பக்கமே போட்டு, அந்த மேட்டில் வேலி நட்டான் என்பது நீதிமன்றங்களின் அனுமானம். அதனால் எல்லை வாய்க்காலின் அப்புறத்துக் கரை. 1999இல், அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை வரை போன வழக்கில் இதையே உறுதிப்படுத்தினார்கள். உங்களுக்கு இரு பக்கமும் சொந்தம், பிரச்சினை இல்லை. வாசிக்கிற மற்றவர்கள், வேலி யாருடையது என்று தெரியாமல் கை வைக்காதீர்கள்.

சேற்றைப் பற்றி நான் கேட்டது அப்படியே நிற்கிறது.

---

நேர்கோடு | 11 பிப்ரவரி 2025

நான் முன்பு சொன்னதை யோசித்தேன். அபராத விவரம் எனக்கு இத்தனை தெளிவாகத் தெரியாது. இயந்திரம் ஓட்டுகிறவன் மீதும் வழக்குப் பாயலாம் என்று ஒரு வழக்கறிஞர் நண்பர் சொன்னார்.

ஆனால் ஒரு வழி இருக்கிறது, வேலைத்தளத்தில் பார்த்திருக்கிறேன். பழைய வாசலுக்குப் பதிலாக வேறு இடத்தில் புது வாசல் திறந்தால் அறிவிப்பே தேவையில்லை. பழைய வாசலை மட்டும் செடி நட்டு மூட வேண்டும். மேட்டுப் பக்கம் ஐந்து மீட்டர் திறந்துவிட்டால் அவருக்கு வேலை முடிந்தது.

---

பசுந்தாள் | 11 பிப்ரவரி 2025

நேர்கோடு அண்ணா சொல்வது சரி. புது வாசல் திறந்த எட்டு மாதத்துக்குள் பழையதை உயிர்வேலியாகவே நட்டு மூட வேண்டும், அதுதான் நிபந்தனை.

ஆனால் இரண்டு எச்சரிக்கை. ஒன்று, மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை விவசாய நிலத்து வேலிகளை வெட்டக் கூடாது, 2024ஆம் ஆண்டின் விதி. எந்த மாதமானாலும் பறவை கூடுகட்டியிருந்தால் 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி தொடக் கூடாது. இரண்டாவது, ஹேசல் நிற்கிற கென்ட் வேலி என்றால் எனக்கு டோர்மவுஸ் நினைவுதான் வரும். பொன்னிற மயிரும் அடர்ந்த வாலும் உள்ள, கட்டைவிரல் அளவுள்ள விலங்கு. கோடை முழுவதும் கிளைகளில் வாழ்ந்து, குளிர்காலத்தில் வேலியடியில் சருகுக்குள் சுருண்டு தூங்கும். அது இருக்கும் இடத்தில் ஐந்து மீட்டர் வேலியை எடுக்கவும் நேச்சுரல் இங்கிலாந்து என்னும் அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் உரிமம் தேவைப்படும்.

ஹேசல் அடியில் காலிக் கொட்டைகளைப் பொறுக்கிப் பாருங்கள். இரண்டாகப் பிளந்திருந்தால் அணில். வட்டத் துளையின் உள்விளிம்பில் குறுக்குக் கோடுகள் தெரிந்தால் காட்டெலி. உள்விளிம்பு தேய்த்து மெருகிட்டது போல வழவழப்பாக இருந்து, வெளியே சாய்வான பல் தடம் இருந்தால் எனக்குப் படம் அனுப்புங்கள்.

---

கென்ட்_நிலம் | 23 பிப்ரவரி 2025

மகள் ஒரு பிஸ்கட் டப்பா நிறையப் பொறுக்கினாள். எண்பதுக்கு மேல். முக்கால்வாசி அணில். மீதியில் பெரும்பாலும் காட்டெலி. நான்கு மட்டும் தனியாக இருந்தன. விரல் நுனியால் துளையைச் சுற்றித் தடவினால் எங்கும் உரசவில்லை. படம் அனுப்பியிருக்கிறேன்.

---

பசுந்தாள் | 23 பிப்ரவரி 2025

நான்கில் மூன்று டோர்மவுஸ் தின்றவை, எனக்குச் சந்தேகமில்லை. நான்காவது தெளிவாக இல்லை. கொட்டைகளைப் பத்திரமாக வையுங்கள். உரிமம் பெற்ற ஆய்வாளர் ஒருவர் நேரில் வந்து உறுதி செய்யும்வரை அந்த வேலியில் எதுவும் செய்ய வேண்டாம். பாதுகாக்கப்பட்ட விலங்கு அங்கே வாழ்வதற்கு முறையான பதிவு இருந்தாலும் வேலி முக்கியமானது ஆகிவிடும். இது மூன்றாவது தகுதி.

இந்த நாட்டில் இந்த விலங்கு குறைந்துகொண்டே போகிறது. தரையில் இறங்கி நடக்க அது விரும்புவதில்லை. ஒரு காட்டுத் துண்டிலிருந்து இன்னொன்றுக்குப் போக அதற்குத் தெரிந்த சாலை உங்கள் வேலிதான்.

---

சசெக்ஸ்_மதி | 24 பிப்ரவரி 2025

அந்த டப்பாவை உங்கள் மகளிடமே கொடுத்துவிடுங்கள். நான் மேல்முறையீட்டுக்குச் செலவழித்த பணத்தில் எனக்கு இப்படி ஒரு டப்பா கிடைக்கவில்லை.

---

ஏழாலையான் | 24 பிப்ரவரி 2025

தம்பி, இப்போதாவது அந்த மூலைக்கு ஒரு லோடு கல் போடுவீர்களா?

---

கென்ட்_நிலம் | 19 அக்டோபர் 2025

எட்டு மாதமாக எழுதவில்லை, மன்னிக்கவும். முதல் பருவம் மூச்சுவிட நேரம் தரவில்லை.

அறிவிப்புக் கொடுக்கவில்லை. புது வாசலும் திறக்கவில்லை. மே மாதம் ஆய்வாளர் ஒருவர் வந்து கொட்டைகளைப் பார்த்து உறுதி செய்தார். வேலியில் கூடு கட்டும் குழாய்கள் தொங்கவிட்டார். செப்டம்பரில் ஒரு குழாயில், உரித்த ஹனிசக்கிள் பட்டையை நூல் போலச் சுற்றிப் பின்னிய கூடு ஒன்று இருந்தது. உள்ளே யார் இருந்தார்கள் என்று அவர் மட்டும் பார்த்தார். நாங்கள் பத்தடி தள்ளி நின்றோம்.

ஐயா, நீங்கள் முதல் நாளே கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். இருக்கிற வாசலைச் சரிசெய்யத் தடை உண்டா என்று கவுன்சிலில் கேட்டு, இல்லை என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு, ஆகஸ்டில் மண் காய்ந்திருந்தபோது மூலையில் வேலை தொடங்கினோம். நேர்கோடு அண்ணா எசெக்ஸிலிருந்து தாமே வந்து ஓட்டினார். வேர்கள் படாத தூரத்தில் ஓரடி ஆழம் மண்ணெடுத்து, தடித்த நெசவுத் துணி விரித்து, மேலே இரண்டு லோடு உடைகல் போட்டு இறுக்கினோம். இரண்டு நாளில் முடிந்தது. டிராக்டர் திரும்ப இடம் போதவில்லை என்பதற்காகக் குடில்களின் வரிசையை வேலிக்கு இணையாக மாற்றிப் போட்டோம். வடகாற்று வேலியில் முட்டி நிற்பதால், அந்தப் பக்கத்துக் குடிலில் பாகல் மற்றதைவிட முந்திக் காய்த்தது.

சென்ற வாரம் இரண்டு நாள் விடாமல் மழை. நேற்றுக் காலை எரு வண்டியை அந்த வாசல் வழியாக ஓட்டிப் போனேன். சக்கரத்தில் கல்தூசி மட்டும் ஒட்டியிருந்தது.

---

ஏழாலையான் | 19 அக்டோபர் 2025

நல்லது தம்பி. அடுத்த மழைக்குப் பிறகு கல் எங்காவது தாழ்ந்திருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள். தாழ்ந்திருந்தால் உடனே இன்னும் கொஞ்சம் போட்டு இறுக்கிவிடுங்கள், விட்டால் நடுவில் குழி விழும்.